கைபேசிக் கோடு கணவாய்க்கு வழியாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சில வாரங்களுக்கு முன் வெளியான இமயமலைப் பயணக் கட்டுரையை ஒட்டி இக்கடிதத்தை எழுதுகிறேன். அக்டோபர் மாதத்தில் உத்தராகண்டின் கட்வால், குமாவுன் மலைகளில் வானம் தெளிந்திருக்கும், ஆறுகளில் நீர் வடிந்திருக்கும், எனவே ஓரளவு உடல்வலுவும் கைபேசியில் பதிவிறக்கிய ஒரு ஜிபிஎஸ் தடமும் இருந்தால் பாதையற்ற உயர்ந்த கணவாய்களையும் வழிகாட்டியின்றிக் கடந்துவிடலாம் என்று அக்கட்டுரை கூறியிருந்தது. பருவத்தைப் பற்றி அதில் சொல்லப்பட்டது பெரும்பாலும் உண்மை; தடத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது ஆபத்தானது. அந்த மலைகளில் பல ஆண்டுகளாக இலையுதிர் காலத்தில் கூடாரம் சுமந்து நடந்து வருபவன் என்ற முறையில், அதைப் படித்துவிட்டு அடுத்த அக்டோபருக்குத் திட்டமிடத் தொடங்கியிருக்கும் இளைஞர்களுக்காக இதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில் பருவத்தின் நன்மைகளை ஒப்புக்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் இறுதியை ஒட்டி உத்தராகண்டிலிருந்து விலகிய பிறகு, சில வாரங்களுக்குக் காற்றில் ஈரமும் தூசியும் குறைந்து, தொலைவிலுள்ள முகடுகளின் மடிப்புகள்கூடத் துல்லியமாகத் தெரிகின்றன. கோடையில் பனி உருகிப் பெருகி, கடக்க அஞ்சவைக்கும் ஓடைகள் அக்டோபர் காலைகளில் கல்லுக்குக் கல் தாவிக் கடக்கக்கூடிய அளவுக்கு வற்றிவிடுகின்றன. நிலத்தைக் கண்ணால் படித்து வழி கண்டறிய விரும்புவோருக்கு இதைவிட ஏற்ற காலம் ஆண்டில் வேறில்லை என்றே நானும் சொல்வேன். ஆனால் அதே காலத்தில் பகல் சுருங்குகிறது. அக்டோபர் நடுவில் கங்கோத்ரி வட்டாரத்தில் சூரியன் மாலை ஐந்தே முக்கால் அளவில் மறைந்தாலும், ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் நான்கு மணிக்கே நிழல் விழுந்து, ஈரப் பாறைகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிப்படலம் படியத் தொடங்கிவிடும். புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் கோடை முழுவதும் ஆடு மேய்த்தவர்கள் மந்தைகளுடன் கீழே இறங்கிவிட்டிருப்பார்கள். எந்த ஓடையை எங்கே கடப்பது என்று கேட்பதற்கோ, விபத்து நேர்ந்தால் ஊருக்கு ஓடிச் சொல்வதற்கோ மேலே ஆளிருக்காது.

இனி அந்தத் தடத்தைப் பற்றி. கைபேசித் திரையில் தெரியும் கோடு, யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் நடந்து சென்றதன் பதிவு மட்டுமே. அவர் எந்த மாதத்தில் சென்றார், காலடியில் இறுகிய பனி இருந்ததா அல்லது வெறும் பாறையா, கயிறு கட்டிக்கொண்டு இறங்கினாரா, நடுவில் வழி தவறி மேலும் கீழுமாக அலைந்தாரா என்பதையெல்லாம் அந்தக் கோடு சொல்வதில்லை. அவர் நடந்த நிலமே இன்று அங்கே இல்லாமலும் போயிருக்கலாம். கங்கோத்ரி உள்ளிட்ட பனியாறுகள் ஆண்டுதோறும் பின்வாங்கிக்கொண்டிருப்பதால், அவற்றின் இருபுறமும் ஒதுக்கப்பட்ட கல்மேடுகள் தாங்கி நின்ற பனியை இழந்து உட்புறமாகச் சரிந்துகொண்டிருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அம்மேட்டின் உச்சியில் பத்திரமாகச் சென்ற வழி, இன்று உடைந்து தொங்கும் மண்விளிம்பில் போய் முடியலாம். குறுகிய பள்ளத்தாக்குகளில் செயற்கைக்கோள் சமிக்ஞை பாறைச் சுவர்களில் பட்டு எதிரொலித்து வருவதால், கருவி காட்டும் இடத்துக்கும் நாம் நிற்கும் இடத்துக்கும் பல மீட்டர் வேறுபாடு ஏற்படுவதுண்டு. சமவெளியில் அது பொருட்டல்ல. மூன்றடி அகலமுள்ள பாறை விளிம்பில் அது உயிர் சம்பந்தப்பட்ட வேறுபாடு. உறைகுளிரில் மின்கலம் விரைவாக இறங்கிவிடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

வரைபடத்துக்கும் இத்தகைய எல்லைகள் உண்டு. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் 40 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்ட படத்தில், பத்து மாடிக் கட்டடத்தின் உயரமுள்ள செங்குத்துப் பாறை ஒன்று இரண்டு கோடுகளுக்கு இடையில் சுவடே தெரியாமல் ஒளிந்திருக்க முடியும். படத்தில் சீரான சரிவாகத் தெரியும் இடத்தில் நேரில் போய் நிற்கும்போது காலுக்குக் கீழே வெறும் காற்றுதான் இருக்கும். செயற்கைக்கோள் படங்களோ எந்த மாதத்தில் எடுக்கப்பட்டவை என்று கவனிக்காதவர்களை ஏமாற்றிவிடும். படம் பனி மூடிய காலத்தில் எடுக்கப்பட்டிருந்தால் வழவழப்பாகத் தெரியும் சரிவு, அக்டோபரில் ஆளுயரப் பாறைகள் தாறுமாறாகக் குவிந்த இடமாக இருக்கும். அதில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க அரைநாள்கூட ஆகலாம்.

அப்படியானால் வழி கண்டறிதல் என்பது என்ன? அது பெரும்பாலும் முந்தைய நாள் மாலையே செய்து முடிக்க வேண்டிய வேலை. கூடாரம் அடித்து முடித்ததும், மறுநாள் ஏற வேண்டிய சரிவை எதிர்ப்புறத்திலிருந்து இருநோக்கியால் (பைனாகுலர்) அடி முதல் முடி வரை பொறுமையாகப் பார்க்க வேண்டும். சாய்வான மாலை வெயிலில் ஒவ்வொரு வெடிப்பும் படிக்கட்டும் நிழலோடு எழுந்து தெரியும். நண்பகலில் அதே சுவர் தட்டையாகிவிடும். எந்த இடத்தில் சரளை முடிந்து பாறை தொடங்குகிறது, பாறையின் நடுவே புல்விளிம்பு தொடர்ச்சியாக ஓடுகிறதா அல்லது நடுவில் அறுபடுகிறதா, கல் உருண்டு விழும் தடம் எது என்று பார்த்துக் காகிதத்தில் வரைந்துகொள்வது நல்லது, ஏனென்றால் சரிவின் அடியில் போய் நின்றபின் இவை எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. தெற்கு நோக்கிய சரிவுகளில் வெயில் பட்டுப் பனி கரைந்திருக்கும். அதே கணவாயின் வடபுறத்தில் நிழலிலேயே கிடக்கும் பழைய பனி, கோடை முழுவதும் உருகியும் உறைந்தும் கண்ணாடிபோல் இறுகி, காலணியின் முனைகூட இறங்காதபடி ஆகியிருக்கும். ஆகவே ஏறும் பக்கம் எளிதாக இருப்பதைக் கொண்டு இறங்கும் பக்கத்தையும் அவ்வாறே எண்ணிக்கொள்வது தவறு.

இறக்கத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் பாதையற்ற மலையில் வழி தவறுவோரில் பலர் இறங்கும்போதுதான் சிக்கிக்கொள்கிறார்கள். ஏறுபவரின் கண்ணுக்கு முன்னால் தடை தெரிகிறது. இறங்குபவருக்கோ சரிவின் வயிறு புடைத்துக்கொண்டு அதற்குக் கீழுள்ளதை மறைத்துவிடுகிறது. ஒரு பாறைப் படியிலிருந்து வழுக்கிக் குதித்து அடுத்த படிக்கு வந்தபின் கீழே செங்குத்து என்று தெரிந்தால், குதித்த படிக்கு மீண்டும் ஏற முடியாது. நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். திரும்பி ஏற முடியாத எந்த இடத்திலும் இறங்கக் கூடாது என்று மூத்தவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. ஆட்டுத்தடங்களும் இப்படித்தான் ஏமாற்றும். சரிவில் தெளிவாக ஓடும் அந்த ஒற்றையடித் தடத்தைக் கண்டதும் களைத்தவனுக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும். ஆனால் ஆடுகள் போவது புல்லைத் தேடி. கடைசிப் புல்திட்டு எங்கே முடிகிறதோ அங்கேயே, பெரும்பாலும் ஒரு பாறை விளிம்பில், தடமும் முடிந்துவிடும். யாரோ அடுக்கிவைத்த கற்குவியல்களையும் அப்படியே நம்ப முடியாது. வழி தவறியவர்களும் கற்களை அடுக்குகிறார்கள்.

மூடுபனியில் நடப்பதற்கு ஒரு எளிய முறை உண்டு. அதைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தால் எவ்வளவோ பயன்பட்டிருக்கும். ஓடைக்கரையில் கூடாரம் இருக்கிறது, பனிமூட்டத்தில் அதை நோக்கித் திரும்பி வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். திசைகாட்டியில் நேராகக் கூடாரத்தையே குறிவைத்து நடந்தால், சிறு பிழையால் ஓடையை வேறோர் இடத்தில் அடைவோம். அப்போது கூடாரம் ஓடையின் மேற்பக்கமா கீழ்ப்பக்கமா என்பது தெரியாமல் தவிக்க நேரிடும். மாறாக, வேண்டுமென்றே சற்று மேற்பக்கமாகத் தள்ளிக் குறிவைத்து நடந்தால், ஓடையைத் தொட்டதும் நீர் ஓடும் திசையிலேயே கீழே நடந்து சந்தேகத்துக்கு இடமின்றிக் கூடாரத்தை அடையலாம். இதற்குத் தேவைப்படுவது ஒரு திசைகாட்டியும், மூட்டம் சூழும் முன்பே வரைபடத்தில் தான் நிற்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டும் பழக்கமும்தான்.

இலையுதிர் காலத்தின் உண்மையான பகை முதல் பனிப்பொழிவு. வசந்தத்தின் இறுகிய பனியில் அதிகாலையில் நடப்பது பாறையில் நடப்பதைவிட எளிதாகவே இருக்கும். அக்டோபரில் விழும் பனியோ மாவுபோன்றது. ஓரடி ஆழம்கூட இல்லாத அது பாறைகளுக்கு இடையிலுள்ள பொந்துகளை மூடி மறைக்குமே தவிர, எடையைத் தாங்காது. பனியாற்றின் மேல் இன்னும் மோசம்: பருவமழைக்குப் பின் வாய்பிளந்து நிற்கும் பிளவுகளை அந்த மெல்லிய போர்வை மறைத்துவிடும். 1939ஆம் ஆண்டு அதைக் கடந்த நிலவியலாளர் ஜே.பி. ஆடனின் பெயரைத் தாங்கிய, ஏறத்தாழ 5,490 மீட்டர் உயரமுள்ள ஆடன்ஸ் கால் (Auden's Col) கணவாயைத் தங்கள் கட்டுரை இளைஞர்களுக்குப் பரிந்துரைத்திருந்தது. கங்கோத்ரிக்கு அருகிலுள்ள ருதுகைரா பள்ளத்தாக்கிலிருந்து ஏறி அதன் மறுபுறம் இறங்குவது பிளவுகள் நிறைந்த காத்லிங் பனியாற்றில். ஒருவரோடு ஒருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, பிளவில் விழுந்தவரை மேலே இழுக்கத் தெரிந்தவர்கள் செல்ல வேண்டிய இடம் அது. கைபேசிக் கோட்டை மட்டும் நம்பிச் செல்லத்தக்க இடமன்று.

அந்தப் பனி எங்கிருந்து வருகிறது என்பதில் நம் கடற்கரைக்கும் பங்கிருக்கிறது. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹூட்ஹூட் புயல் வலுவிழந்து வடக்கே நகர்ந்து, இரண்டே நாட்களில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் கடும் பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரமுள்ள தோராங் லா கணவாயிலும் சுற்றுப்புறங்களிலும் மலையேறிகள், வழிகாட்டிகள், உள்ளூர் மக்கள் என 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நடந்து தேய்ந்த பாதை அது. அப்படிப்பட்ட பாதையே சில மணி நேரத்தில் மறைந்து, கணவாயிலிருந்து இறங்கியவர்கள் திசை தெரியாமல் தவித்தார்கள் என்றால், பாதையே இல்லாத கணவாய்களைப் பற்றி என்ன சொல்வது? 2021 அக்டோபரின் நடுவில் உத்தராகண்டில் பெய்த பெருமழை, உயரத்தில் பனியாகப் பெய்தபோது, ஹர்சிலிலிருந்து இமாசலப் பிரதேசத்தின் சித்குல் நோக்கி லம்காகா கணவாயைக் கடக்கச் சென்ற குழுவிலும், குமாவுனின் சுந்தர்துங்கா பள்ளத்தாக்கிற்குச் சென்ற மேற்கு வங்க மலையேறிகளிலும் பலர் மாண்டனர். கோடையில்கூட இது நேரும். 2024 ஜூனில் சஹஸ்த்ர தால் ஏரிக்குக் கர்நாடகத்திலிருந்து சென்ற குழுவில் 9 பேர் பனிப்புயலில் சிக்கி இறந்தது நினைவிருக்கும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் மீனவர்கள் படகைக் கரையேற்றிவிடுகிறார்கள். அதே வானிலை அறிக்கையை இமயத்திற்குப் புறப்படும் தமிழக இளைஞர்களும் படித்து, புயல் ஆந்திரத்திலோ ஒடிசாவிலோ கரையேறி வடக்கே திரும்பும் என்றால், கணவாயைக் கடக்கும் நாளைத் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுந்தர்துங்காவைக் குறிப்பிட்டதால் ஒரு செய்தி. 1934இல் பிரிட்டிஷ் மலையேறிகளான எரிக் ஷிப்டனும் ஹெச்.டபிள்யூ. டில்மனும் மூன்று ஷெர்பாக்களுடன் ரிஷிகங்கைப் பள்ளத்தின் வழியே நந்தாதேவி சிகரத்தைச் சூழ்ந்த உட்புறப் படுகையை முதன்முதலாக அடைந்தார்கள். பருவமழைக்குப் பின் மீண்டும் சென்று, செப்டம்பரில் தெற்கு விளிம்பைத் தாண்டிச் சுந்தர்துங்காவில் இறங்கினார்கள். அவர்களிடம் நம்பத்தக்க வரைபடமே இல்லை. ரிஷிகங்கையின் சுவர்களில் ஒரு விளிம்பு அறுபட்டால் திரும்பி வந்து மற்றொன்றைத் தேடி, ஒரு கரை முடியாவிட்டால் மறுகரைக்குத் தாண்டி, சுமைகளைச் சிறிது சிறிதாகக் கடத்தித்தான் அவர்கள் முன்னேறினார்கள். திரும்பி வருவதை அவர்கள் தோல்வியாகக் கருதவில்லை. அதற்கான நாட்களும் உணவும் திட்டத்திலேயே சேர்ந்திருந்தன. இன்று நம்மவர்கள் ஞாயிறு இரவு விமானத்திற்குப் பயணச்சீட்டை வாங்கிவைத்துக்கொண்டு மலையேறுகிறார்கள். பாதையற்ற கணவாய்க்குப் போகிறவர் குறைந்தது இரண்டு உபரி நாட்களும் அதற்கான உணவும் எரிபொருளும் வைத்திருக்க வேண்டும். எத்தனை மணிக்குள் கணவாயின் உச்சியை அடையாவிட்டால் திரும்புவது என்பதைக் கூடாரத்தை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லோரும் கூடி முடிவு செய்ய வேண்டும். ஐயாயிரம் மீட்டருக்கு மேல், குளிரும் பசியும் பிராணவாயுக் குறைவும் சேர்ந்த மாலை மூன்று மணிக்கு எடுக்கப்படும் முடிவு சரியாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

தமிழகத்தில் மலையேற்றப் பழக்கம் வளர்ந்துவருவது மகிழ்ச்சிக்குரியது. குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு விதிகள் இறுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 வழித்தடங்கள் அறிவிக்கப்பட்டு, பழங்குடி இளைஞர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அனுமதித்த பாதையை விட்டு விலகக் கூடாது என்பது முற்றிலும் சரியான விதி. வனவிலங்குக்கும் நல்லது, மனிதருக்கும் நல்லது. ஆனால் இதன் விளைவாக, இங்கே எத்தனை மலை ஏறினாலும் வழி கண்டறியும் பயிற்சி நமக்குக் கிடைப்பதில்லை. முன்னால் செல்பவரின் முதுகைப் பார்த்து நடக்கவே பழகுகிறோம். அந்தப் பழக்கத்தோடு மரமே இல்லாத, 5,000 மீட்டர் உயரக் கல்காட்டுக்குப் போகிறவர்கள் உத்தர்காசியிலுள்ள நேரு மலையேற்ற நிறுவனத்திலோ டார்ஜிலிங்கிலுள்ள இமாலய மலையேற்ற நிறுவனத்திலோ அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டுச் செல்வது நல்லது. அதற்கு ஏறத்தாழ நான்கு வாரம் விடுப்பு தேவைப்படும் என்பது உண்மைதான். அது இயலாதவர்கள், வரைபடம் படிப்பதை மட்டுமாவது ஊரிலேயே கற்கலாம். 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்டன் அளந்த ஆதாரக் கோட்டிலிருந்து தொடங்கிய நில அளவைதான் பின்னாளில் இமயம்வரை நீண்டு அதன் சிகரங்களை அளந்தது. அந்த நகரத்தின் கல்லூரிகளில் மலையேற்ற மன்றங்கள் இருந்தும், சமஉயரக் கோட்டைப் படிக்கக் கற்றுத்தரும் மன்றம் ஒன்றையேனும் நான் இன்னும் காணவில்லை.

மத்திய அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தொலைத்தொடர்புத் துறையின் முன் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியையோ, செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவியையோ நம் நாட்டில் வைத்திருக்க முடியாது. தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டு மலையேறிகள் விமான நிலையங்களில் பிடிபட்டதும் உண்டு. பாதுகாப்புக் கவலைகளை, அதுவும் எல்லையோர மாவட்டங்களில், நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கோபுரச் சமிக்ஞை எட்டாத பள்ளத்தாக்கில் கால் முறிந்து கிடப்பவருக்கு, இரண்டு மூன்று நாள் நடந்து போய் ஒருவர் சொல்வதைத் தவிர வேறு வழி இன்று இல்லை. உத்தர்காசி, ஜோஷிமத் போன்ற ஊர்களில் மாவட்ட நிர்வாகமே இக்கருவிகளைப் பதிவு செய்து, அடையாள ஆவணம் பெற்றுக்கொண்டு, பயணக் காலத்திற்கு மட்டும் வாடகைக்குத் தந்து, திரும்பியதும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தால், கண்காணிப்பும் குறையாது, உயிர்களும் காக்கப்படும்.

இதில் நாம் அடிக்கடி மறந்துவிடும் இன்னொரு தரப்பும் இருக்கிறது. அந்த மலைகளில் இறந்தவர்களின் பட்டியல்களில் சுற்றுலாவாக வந்தவர்களோடு சமையல்காரர்களும் சுமைதூக்குவோரும் இருக்கிறார்கள். பணம் கொடுத்தவர் "போயே ஆக வேண்டும்" என்று வற்புறுத்தும்போது, வானத்தைப் பார்த்து "இன்று வேண்டாம்" என்று சொல்லும் உள்ளூர்க்காரரின் சொல் எடுபடுவதில்லை. மீட்புக்குச் செல்லும் மாநிலப் பேரிடர் படையினரும் அதே சரிவுகளில்தான் உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறார்கள். தனியாகச் செல்ல விரும்புவோரின் உரிமையை நான் மறுக்கவில்லை. நானும் வழிகாட்டியின்றி நடப்பதை விரும்புகிறவனே. ஆனால் தனியாகச் செல்லும் தகுதி பெறுவதற்குப் பல பருவங்கள், எளிய கணவாய்களிலிருந்து தொடங்கி, தெரிந்தவர்களோடு நடந்து பழக வேண்டும்.

எனவே தாங்கள் இனி வெளியிடும் மலைப்பயணக் கட்டுரைகளில், குறிப்பிடப்படும் ஒவ்வொரு கணவாய்க்கும் பாதை எதுவரை உள்ளது, பனியாற்றைக் கடக்க வேண்டுமா, கயிறு தேவைப்படுமா, கடைசிச் சாலையிலிருந்து எத்தனை நாள் நடை, எந்த அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும் என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். ஆடன்ஸ் கால் பற்றிய பரிந்துரைக்கு ஒரு திருத்தக் குறிப்பையும், அடுத்த அக்டோபருக்கு மக்கள் பயணச்சீட்டு வாங்கத் தொடங்கும் முன்பாகவே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்